புளி போட்டு மினுக்கிய துவக்கு

அந்தத் துவக்கின் சுடுகுழாயைப் பிடித்திருந்த பித்தளை முன்வளையத்தில் பாதி மட்டும் கறுப்பாக இருந்தது. மற்றப் பாதி நான் மினுக்கியது. பிள்ளை எழும்பி அழுதபடியால் முடிக்காமல் விட்ட வேலை. அரைகுறையாக விட்ட வேலைகளுக்காக நான் என்னைத் திட்டாத நாள் குறைவு. இந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் மூச்சு இலேசாகிறது.

எண்பத்தாறாம் ஆண்டு. பாரிசில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் எங்களுக்கு ஓர் அறை இருந்தது. அறைக்குள்ளேயே ஒரு மூலையில் சமையல். அது வீட்டுக்காரியின் வீட்டுப் பின்பக்கம். நடுவில் ஒரு கதவு. எழுபது கடந்த விதவை அவர். மதாம் என்றுதான் அழைப்போம். வாடகை கொடுத்தோம். அதோடு வாரத்தில் இரண்டு காலை அவருடைய பகுதியை நான் துப்புரவாக்கிக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்துவிட்டுப் பாரிசில் ஒரு கிழவியின் தரை துடைக்கிறாளே என்று அம்மா கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள் என்று முதல் மாதம் யோசித்தேன். பிறகு மகள் தவழத் தொடங்கினாள். யோசிக்க நேரம் இல்லாமல் போனது.

எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு அப்போது முடிவு வரவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரெபெக்சூர் என்ற அரச அலுவலகத்துக்குப் போய் ரெசெப்பிசே என்ற தற்காலிகத் தாளைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு, இவர்கள் என்னுடைய வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று வீட்டுக்காரர் கைப்பட எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் ரெசெப்பிசே இல்லை. ரெசெப்பிசே இல்லாவிட்டால் ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவும் வேலைகூடக் கணவருக்கு இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எனக்குச் சாப்பாடு இறங்காத ஒரு கிழமை வரும்.

அது அப்படி ஒரு கிழமை. அடுத்த திங்கட்கிழமை காலை எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். கடிதத்தை நினைவுபடுத்தினேன். மதாம் என்னைப் பார்க்காமலே பதில் சொன்னார்.

“வியாழக்கிழமை அந்த மனிதர் வந்து போகட்டும். அதுவரை என் தலைக்குள் வேறெதுவும் நுழையாது.”

அந்த மனிதர் பழைய ஆயுதங்களைப் பார்த்து, இது உண்மையானது, இது போலி என்று எழுதிக் கொடுக்கிறவர். அவர் பார்க்க வருவது மதாமின் முன்னறையில், கணப்படுப்புக்கு மேலே சுவரில் தொங்கிய துவக்கை.

அதன் கதையை மதாம் எனக்குக் குறைந்தது பத்து முறை சொல்லியிருப்பார். எழுபதாம் ஆண்டுப் போர் என்று அவர் சொல்வது எங்கள் காலத்து எழுபது அல்ல. அதற்கு நூறு ஆண்டு முந்தையது. பிரஷ்யப் படை பாரிசைச் சுற்றி வளைத்திருந்தபோது மதாமின் அப்பாவின் அப்பா நகரக் காவலில் இருந்தாராம். ஒரு ஜெர்மன் சிப்பாயிடமிருந்து பிடுங்கி வந்ததாம் அது. பிடுங்கியபடியே, ஓர் ஆணிகூட மாறாமல் இருக்கிறதாம். அப்பா சொன்னார், ஆகவே உண்மை.

இதை நம்பாதவர் மதாமின் சகோதரியின் மகன். நான் அவரை இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்தால், மூன்று துவக்குகளின் மிச்சத்தை யாரோ ஒட்டிச் சந்தையில் விற்றிருக்கிறான், உங்கள் தாத்தா வாங்கி வந்து கதை கட்டியிருக்கிறார் என்று சிரிப்பார். இன்னொன்றும் சொல்வார், அது கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். இந்த வயதில் கைக்குழந்தையோடு அந்நியர்களை வீட்டுக்குள் வைத்திருப்பது புத்தி இல்லை என்பார். துவக்கைப் பற்றி அவர் சொல்வது பிழை என்று எழுத்தில் வாங்கி அவர் முகத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பதுதான் மதாமின் ஆசை. துவக்கைப் பற்றி அவர் சொல்வது சரியென்றால், எங்களைப் பற்றிச் சொல்வதும் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை காலை மதாம் தலைமயிர் சீராக்கப் போனார். போகும்போது, நாளைக்கு ஆள் வருகிறது, முன்னறையை நன்றாகத் தூசி தட்டி வை என்றார். அவ்வளவுதான் சொன்னார். இதைப் பிறகு எத்தனையோ முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தூசி தட்டு என்றுதான் சொன்னார்.

மகளை நித்திரையாக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். அலமாரி, மணிக்கூடு, படச் சட்டங்கள் எல்லாம் முடிந்தன. கடைசியாக நாற்காலியில் ஏறித் துவக்கைத் துடைத்தேன். ஊரில் துவக்கைக் கண்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். இங்கே சுவரில் மாட்டி அதற்குத் தூசி தட்டச் சொல்கிறார்கள். இத்தனை மாதமும் நீளத் தடியில் கட்டிய இறகால் தொட்டதோடு சரி, அன்றைக்குத்தான் கிட்டப் பார்த்தேன். விசையைச் சுற்றிய வளைவு, அடிக்கட்டையின் நுனியில் தகடு, குழாயை மரத்தோடு சேர்த்துப் பிடிக்கும் இரண்டு வளையங்கள் எல்லாமே பித்தளை. கரிச்சட்டியின் அடியைப்போல இருந்தன.

பித்தளை எனக்குத் தெரிந்த பொருள். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் முதல் நாளே குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்கி வைப்பார்கள். கறுத்த விளக்கை வந்தவர் முன்னால் வைப்பது அந்த வீட்டுப் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்துக்கு இழுக்கு. நாளைக்கு ஒரு கனவான் வந்து இதைக் கையில் எடுக்கப் போகிறார், அது இப்படியா இருப்பது? மதாமுக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது, கறுப்பு அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரிந்தும் விட்டால் அது என்னுடைய குறை. கடிதம் கேட்டுக் காத்திருக்கிறவள் வேலையில் குறை வைக்கலாமா?

துவக்கை இறக்கி, குழாயின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி மேசையில் வைத்தேன். லா சப்பல் தமிழ்க் கடையில் வாங்கிய புளியில் ஒரு தேசிக்காயளவு எடுத்துக் கரைத்து, உப்புப் போடாமல், வெறும் புளியாலேயே தேய்த்தேன். ஏன் உப்புப் போடவில்லை என்றால் உப்புக் கீறும் என்று பயம். அந்தப் பயம் பின்னால் உதவியது. தகடு முதலில் வெளித்தது. பிறகு விசையின் வளைவு. அதில் முடிசூடிய சின்ன எழுத்தொன்று தெரிந்தபோது, நானே அதைக் கண்டுபிடித்ததுபோல மகிழ்ந்தேன். பின்வளையம் முடிந்து முன்வளையத்தில் பாதி போனபோது மகள் எழும்பி அழுதாள். கையைக் கழுவிவிட்டு ஓடினேன். பால் கொடுத்து முடித்து வந்தபோது மதாம் திரும்பி வரும் நேரமாகிவிட்டது. ஈரத்தைத் துடைத்து, மரத்துக்குக் கொஞ்சம் நல்லெண்ணெய் பூசி, அவசரமாக மாட்டிவிட்டேன். வளையத்தின் கறுப்புப் பாதி சுவர்ப் பக்கமாகத் திரும்பி இருந்தது. அந்தப் பாதி மனதை உறுத்தியது.

மதாம் வந்து மூக்கை உறிஞ்சினார். சமைக்கிறாயா என்று கேட்டார். சன்னல் பலகைகள் பாதி சாத்தியிருந்தன. அவருக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை.

கணவர் மத்தியான வேலைக்கும் பின்னேர வேலைக்கும் இடையில் மூன்று மணிக்கு வீட்டுக்கு வருவார். நான் சொன்னேன். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன். அவர் சப்பாத்தைக் கழற்றுவதைப் பாதியில் நிறுத்தினார்.

“துவக்கையோ? புளி போட்டோ?”

“ஓம். நல்லா வந்திருக்கு. ஒரு வளையம்தான் மிச்சம்.”

“ஐயோ, நீரும் செய்துபோட்டீரா?”

அந்த ‘உம்’ எனக்குப் பிடிபடவில்லை. கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். ரெஸ்டோரண்டில் சேர்ந்த முதல் கிழமை, சுவரில் அலங்காரத்துக்கு மாட்டியிருந்த பழைய செப்புச் சட்டி ஒன்றை அவர் தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, முதலாளி கண்ணில் படுகிற மாதிரி மாட்டி வைத்தாராம். முதலாளி கத்திய கத்தில் சாப்பிட இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்களாம். இஞ்சை பழசின்ரை விலை அந்தக் கறுப்பிலைதான் இருக்கு என்று சமையற்காரன் பிறகு விளங்கப்படுத்தினானாம். வெட்கத்தில் என்னிடம் சொல்லவில்லை.

“அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் இண்டைக்குத் தொட்டிருக்க மாட்டனே அப்பா.”

“நீர் துவக்கு மினுக்குவீர் எண்டு நான் கனவு கண்டனானோ?”

பிறகு அவர் மெல்லிய குரலில் சொன்னார். “இஞ்சை பாரும். கடிதத்திலை கையெழுத்து விழுமட்டும் வாயைத் திறக்காதையும். பிறகு மன்னிப்புக் கேட்பம்.”

அவர் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு நான் இரண்டு முறை நடுக்கதவு வரை போனேன். முதல் முறை மதாம் தொலைபேசியில் இருந்தார். இரண்டாவது முறை அவர் மேசையில் அப்பாவினதும் தாத்தாவினதும் படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நாளைக்கு வருகிறவருக்குக் காட்டுவதற்கு. கதவில் தட்ட உயர்த்திய கையை இறக்கிவிட்டேன்.

அப்போது இன்னொரு யோசனை வந்தது. அவித்த முட்டை மஞ்சட்கருவிலிருந்து வரும் கந்தக வாயு பித்தளையைக் கறுக்க வைக்கும். ரசாயனம் படித்தவள் நான். அடுப்பில் மூன்று முட்டை வைத்தேன். துவக்கை எப்படி மறுபடி இறக்குவது, எந்தப் பெட்டிக்குள் வைத்து மூடுவது என்றெல்லாம் யோசித்தேன். தண்ணீர் கொதிக்கும்போதுதான் விளங்கியது. நான் காலையில் செய்தது மடத்தனம். இப்போது செய்யப் போவது, அந்தச் சகோதரியின் மகன் யாரோ செய்திருக்கிறான் என்று சொன்ன அதே போலி வேலை. அடுப்பை நிறுத்தினேன். ஒரு முட்டையை மகளுக்குப் பிசைந்து கொடுத்தேன். மற்ற இரண்டும் கணவர் வந்து உண்டார். முட்டை ஏன் என்று கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்த மனிதர் வந்தார். மெலிந்த உயரமான ஆள். கையில் மருத்துவர் பை போன்ற ஒன்று, கழுத்தில் ஒரு கண்ணாடி, சட்டைப் பையில் இன்னொன்று. கோப்பி கொண்டுவரச் சொல்லி மதாம் என்னை அழைத்தார். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு தட்டோடு போனேன். அவர் எழுந்து நின்று எனக்கும் “பொன்ஜூர் மதாம்” என்றார். அந்த வீட்டில் என்னை மதாம் என்று அழைத்த முதல் ஆள் அவர்தான்.

சன்னல் பலகைகளைத் திறக்கச் சொன்னார். வெளிச்சம் விழுந்தது. துவக்கு, கல்யாண வீட்டு விளக்கைப்போல ஒளிர்ந்தது.

“பாருங்கள், வெளிச்சத்தில் எவ்வளவு அழகு” என்றார் மதாம்.

அந்த மனிதர் துவக்குக்குக் கிட்டப் போனார். இறக்கி, மேசையில் விரித்த துணியில் வைத்தார். பின்பக்கப் பூட்டை இழுத்துத் திறந்து, குழாய்க்குள் சின்ன விளக்கைப் பிடித்துப் பார்த்தார். மரத்தை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். பிறகு கண்ணாடியை மாற்றிக்கொண்டு பித்தளைக்குக் கிட்டக் குனிந்தார். ஒரு ஊசியை எடுத்து, விசை வளைவைப் பிடித்திருந்த திருகாணியின் பள்ளத்திலிருந்து எதையோ நெம்பி எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார். கபில நிறத்தில் சின்ன நார் ஒன்று.

எனக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. வடிக்காமல் கரைத்த புளி.

இதை அண்மையில் யாராவது தொட்டார்களா என்று மதாமிடம் கேட்டார். அப்பா போன பிறகு தூசி தட்டுவதைத் தவிர யாரும் கை வைத்ததில்லை என்று மதாம் உறுதியாகச் சொன்னார். அந்த மனிதர் மரியாதையாக, சங்கடத்தோடு விளக்கினார். இந்தப் பித்தளையில் மிக அண்மையில் அமிலம் பட்டிருக்கிறது. வேறு வேறு துவக்குகளின் பாகங்களைச் சேர்க்கிறவர்கள், நிறம் ஒத்துப்போவதற்காக எல்லாவற்றையும் முதலில் அமிலத்தால் வெளிக்க வைப்பார்கள். அதன் பிறகு கபிலமான எதையாவது பூசிப் பழசாக்குவார்கள். திருகாணிப் பள்ளத்தில் அதுதான் மிஞ்சும்.

“யாரும் தொடவில்லை என்கிறீர்கள். அப்படியானால் இதற்குக் கீழே நான் கையொப்பமிட முடியாது, மதாம்.” அவர் பேனாவின் மூடியைப் போட்டார்.

மதாம் நாற்காலியின் முதுகைப் பிடித்தார். அந்தக் கையைப் பார்த்தேன். கடிதத்தில் கையொப்பமிட வேண்டிய கை. வாயைத் திறக்காதையும் என்று கணவர் சொன்னது காதில் இருந்தது. நான் பேசாமல் நின்றால் துவக்கு போலியாகிவிடும், யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. மதாம் இருக்கிற மனநிலையில் எப்படியோ நாளைக்கோ மறுநாளோ எழுதித் தருவார். அல்லது தரமாட்டார். பேசினால் துவக்குப் பிழைக்கலாம். அதைக் கெடுத்தவள் நான் என்று தெரிந்துவிடும். எது நல்லது என்று அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு விளங்கவே இல்லை. மகள் என் கழுத்துச் சங்கிலியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“செ முவா” என்றேன். நான்தான்.

இருவரும் திரும்பினார்கள். நேற்றுக் காலை, புளியால், என்றேன். அவர்களுக்கு விளங்கவில்லை. அறைக்கு ஓடிப்போய்ப் புளிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து வெள்ளைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் ஊரில் ஆள் வருமுன் பித்தளையை இதால்தான் மினுக்குவோம் என்றேன். இதற்குள் இருப்பது தார்தாரிக் அமிலம் என்றும் சொன்னேன். பாடப் புத்தகத்துச் சொல், பிரெஞ்சிலும் ஏறக்குறைய அதேதான். அந்த மனிதர் புளியில் கொஞ்சம் கிள்ளி, நான் தடுக்குமுன் வாயில் போட்டுவிட்டார். முகம் சுருங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“வைன் பீப்பாயின் அடியில் படிகிற உப்பு” என்றார். “அதே புளிப்பு. என் மாமா பீப்பாய் சுரண்டுகிறவர்.”

மரத்தில் என்ன என்று கேட்டார். நல்லெண்ணெய் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் தெரியவில்லை. அந்தப் போத்தலையும் கொண்டுவந்தேன். இதைக் குடித்துப் பார்க்கமாட்டேன் என்றார்.

மதாம் புளிப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“இது உண்மையென்றால், முன்னர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்க வேண்டும்” என்றார் அந்த மனிதர் என்னிடம். நினைவிருந்தது. பிழை விட்டுவிடுவேனோ என்று எதையும் இரண்டு முறை பார்க்கிறவளுக்கு நினைவிருக்கும். தகட்டின் நடுவில் தோள் படுகிற இடம் மெலிந்து மஞ்சளாகத் தெரிந்தது, ஓரத்தில்தான் கறுப்புத் தடிப்பு. பிறகு எழுத்தாகத் தெரிந்த குழிக்குள் பச்சை. திருகாணியைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம். சொல்லச் சொல்ல அவர் தலையாட்டினார். அப்போதுதான் எனக்கு அந்தப் பாதி நினைவுக்கு வந்தது. இவ்வளவு நேரமும் அதை மறைக்க வேண்டிய குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

“ஒரு வளையம் முடியவில்லை, மிஸ்யூ. பிள்ளை எழும்பிவிட்டாள்.”

அவர் துவக்கைப் புரட்டினார். சுவரைப் பார்த்திருந்த பக்கம் வளையம் கறுப்பாகவே இருந்தது. பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து வெகு நேரம் பார்த்தார். ஒரே நாளில் பூசிய கறுப்பு எங்கும் ஒரே மாதிரி இருக்கும், இது கை படுகிற இடத்தில் மெலிந்தும் படாத மூலையில் தடித்தும் இருக்கிறது என்று, எங்களுக்கா தனக்கா என்று தெரியாமல் சொன்னார். மினுக்கிய பக்கத்திலும் முத்திரைகளின் விளிம்பு தேயவில்லை. ஏதாவது தூளால் தேய்த்தீர்களா என்று கேட்டார். இல்லை, உப்புக்கூடப் போடவில்லை, கீறிவிடும் என்று பயம் என்றேன்.

“பயப்படுகிறவர்கள் குறைவாகத்தான் கெடுப்பார்கள்” என்றார். மகளின் காலைப் பிடித்து ஆட்டினார். “உங்களுக்கு நன்றி, மத்மொசெல். நீங்கள் இன்னும் கால் மணி நேரம் தூங்கியிருந்தால் எனக்கு இங்கே வேலை இல்லை.”

பேனாவின் மூடியை மறுபடி கழற்றினார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் எனக்குப் பிடித்த மாதிரியான வேலை. அவர் திருகாணிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகத் துணியில் அடுக்கினார். மரத்திலிருந்து குழாயைப் பிரித்தார். மதாமுக்குக் கண் தெரியாததால் எண்களை என்னை எழுதச் சொன்னார். குழாயின் அடியில் நான்கு இலக்கம். பூட்டில் அதே நான்கு. நான் தொட்டிருக்கவே முடியாத, விசை வளைவின் உட்பக்கத்திலும் அதே நான்கு. மூன்றையும் மூன்று முறை சரிபார்த்தேன். மூன்று துவக்குகளை ஒட்டியதென்றால் மூன்று எண் இருக்கும். இங்கே ஒன்றுதான்.

ஆனால் கதை முழுவதும் சரியாக வரவில்லை. மரத்தின் முன்நுனியைத் தடவிக் காட்டினார், அது வெட்டப்பட்டது. மூன்றாவதாக ஒரு வளையம் இருந்திருக்க வேண்டும், குழாயும் குறுக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சிப்பாயின் குண்டு சுழன்று போவதற்கான வரிகள் இல்லை, வழுவழுப்பாகக் கடைந்திருக்கிறார்கள். சின்ன ஈயச் சன்னங்கள் போட்டுச் சுடுவதற்கு. போருக்குப் பிறகு இப்படிப் பல துவக்குகளை வேட்டைக்காக மாற்றினார்களாம். மாற்றிய வேலையும் நூறு ஆண்டை நெருங்கியதுதான். வெட்டிய இடத்து மரமும் மற்ற மரத்தைப்போலவே கறுத்துப் போயிருந்தது.

“உண்மையான பிரஷ்யத் துவக்கு. போலி அல்ல. ஆனால் உங்கள் தாத்தா இதைச் சுவரில் மட்டும் மாட்டி வைத்திருக்கவில்லை, மதாம். முயல் சுட்டிருக்கிறார்.”

நான் மதாமைப் பார்க்கப் பயந்தேன். ஓர் ஆணிகூட மாறவில்லை என்று அப்பா சொன்னாரே. மதாம் கொஞ்ச நேரம் தாத்தாவின் படத்தைக் கிட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சின்ன வயதில் எங்கள் வீட்டில் எப்போதும் முயல் கறி” என்றார். “நான் ஒருநாளும் எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை.” சிரிக்கத் தொடங்கினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. மாதக் கணக்காகக் கேட்க நினைத்தது. இது சுடுமா என்றேன், மகளைக் காட்டி.

“இது ஊசித் துவக்கு. உள்ளே ஒரு நீள ஊசி போய்க் குத்தினால்தான் வெடிக்கும். அந்த ஊசி எப்போதோ போய்விட்டது. இப்போது இது ஒரு தடி.”

அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்கியதற்குக் கடிதம் பாதிக் காரணம் என்றால் இது மற்றப் பாதி.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த மனிதர் என்னிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். பித்தளை ஏன் வெளித்திருக்கிறது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட வேண்டும். நடந்ததை உங்கள் கைப்பட எழுதிக் கையொப்பமிடுங்கள், அதை அறிக்கையோடு வைப்பேன் என்றார். இந்த நாட்டில் எதற்கும் ஒரு அத்தெஸ்தாசியோன், கைப்பட எழுதிய அத்தாட்சி, தேவை என்பது எனக்குத் தெரியும். என்னிடம் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை. கீழே கையொப்பமிடும் நான், என்று அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பெயர், பிறந்த நாள். அடுத்து வசிக்கும் முகவரி. பேனா அங்கே நின்றுவிட்டது. திங்கட்கிழமை வரையில்தான் எனக்கு அந்த முகவரி உறுதி. அதற்குப் பிறகு அது மதாமின் கையில் இருந்தது.

மதாம் என் கை நின்றதைக் கண்டிருக்க வேண்டும். கண்ணில் வெள்ளை படர்ந்தவருக்கு அது எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

“என்ன யோசிக்கிறாய்? இந்த வீட்டை எழுது.”

எழுதினேன். தெரு எண்ணையும் மாடியையும் கூட எழுதினேன். மதாம் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து, என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்கு தாளில் முட்ட, எங்களுடைய கடிதத்தை எழுதத் தொடங்கினார். ஒரே மேசையில் இருவரும் எழுதினோம். முடித்துவிட்டுக் கையொப்பமிட்டார். தாளைக் கொடுக்குமுன் அதை ஒரு கணம் பிடித்துக்கொண்டார்.

“நேற்றே சொல்லியிருக்கலாம்.”

“இரண்டு தரம் கதவு வரைக்கும் வந்தேன், மதாம்.”

“தெரியும். பலகை கிறீச்சிட்டது. பால் கேட்க வந்தாய் என்று நினைத்தேன்.” பிறகு விரலை நீட்டினார். “இனி இந்த வீட்டில் அந்தப் புளியை வாயில் மட்டும் போடு. அந்த வளையத்தை அப்படியே விடு. மற்றப் பாதியைத் தேய்த்தாயோ, உன்னைத்தான் சுவரில் மாட்டுவேன்.”

கணவர் வந்தபோது கடிதத்தை மட்டும் முதலில் காட்டினேன். மிச்சத்தை அவர் சாப்பிட்டு முடித்த பிறகு சொன்னேன். வாயைத் திறந்தீரோ என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் கடிதத்தை இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு, நல்லதாப் போச்சு, நான் சொன்னதைக் கேட்காதது, என்றார். அவர் அப்படிச் சொன்னது அந்த ஆண்டில் அந்த ஒரு தடவைதான்.

திங்கட்கிழமை வரிசையில் மூன்று மணி நேரம் நின்றோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் மதாமின் கடிதத்தை எடுத்து, வாசித்தாளா இல்லையா என்று சொல்ல முடியாத வேகத்தில் புரட்டி, முத்திரை குத்தினாள். மூன்று மாதம். மகளைக் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் சுவரோரம் கொஞ்சம் உட்கார்ந்தேன். தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்த பிறகுதான் வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் லா சப்பலில் இறங்கினோம். புளி முடிந்திருந்தது, மிச்சத்தை அந்த மனிதர் தன் நண்பர்களுக்குக் காட்ட வேண்டுமென்று ஒரு உறையில் போட்டுக் கொண்டுபோய்விட்டார். கடைக்கார அண்ணைக்கும் கணவரின் ரெஸ்டோரண்டில் வேலை செய்கிற இன்னொருவருக்கும் சொந்தம். அதனால் கதை எங்களுக்கு முன்னமே கடைக்கு வந்து சேர்ந்திருந்தது. அண்ணை பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரவில்லை.

“தங்கச்சி, இது குழம்புக்கோ, பீரங்கிக்கோ? பீரங்கியெண்டால் பெரிய பக்கற் கிடக்கு.”

கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். கணவரும் சிரித்தார். ரெசெப்பிசே என் கைப்பைக்குள் இருந்தது. நான் பையின் வெளியே கையை வைத்து அது இருக்கிறதா என்று இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, குழம்புக்குத்தான் அண்ணை என்றேன்.